வடசேரித் துணி கொச்சிக்குப் போன மூன்றாவது வருஷம்

போன வாரம் மூன்று நாள் கடை பூட்டிக் கிடந்தது. நாகர்கோவில் செட்டிகுளம் வரை வந்து, இறங்கிக் கிடந்த ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர். கிறிஸ்துமஸ் தையல் வந்து குவிகிற நேரத்தில் எங்கே போனீர்கள் என்று போனில் கேட்டவர்களுக்கு, "கொச்சிக்கு, ஒரு காரியமா" என்று மட்டும் சொன்னேன். அது என்ன காரியம் என்று உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது.

என் தங்கை மகள் ஆடை வடிவமைக்கிறவள். கண்ணூரில் ஃபேஷன் படித்துவிட்டு, எர்ணாகுளத்தில் மூன்று மெஷின் போட்டுச் சின்னதாகத் தொழில் செய்கிறாள். கொச்சியில் வருஷா வருஷம் ஒரு ஃபேஷன் வாரம் நடக்கிறது. அதில் புதியவர்களுக்கென்று ஒதுக்கிய சாயங்கால வேளையில் அவளுக்கும் ஒரு இடம் கிடைக்கிறது. இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் துணி எங்கள் நாகர்கோவில் வடசேரியில் நெய்தது. தையலில் பாதி என் கடையில் நடந்தது. மேடையில் மொத்தம் பன்னிரண்டு நிமிஷம், பதினாலு உடுப்பு. அதற்காக வடசேரியில் ஒரு குழித்தறி ஆடிக் கடைசியில் தொடங்கி இரண்டு மாசத்துக்கு மேல் ஓடியது.

ஃபேஷன் வாரம் என்றால் என்ன என்று முதல் வருஷம் அவளிடம்தான் கேட்டேன். 1943-இல் நியூயார்க்கில் எலினோர் லாம்பர்ட் என்ற பெண்மணி தொடங்கி வைத்த வழக்கமாம் அது. உலகப்போர் நடந்த காலம். பத்திரிகைக்காரர்கள் பாரிஸ் போய்ப் புது உடுப்புகளைப் பார்க்க வழியில்லை. சரி, நம்மூர்த் தையலை இவர்கள் பார்க்கட்டும் என்று எல்லாரையும் ஒரே வாரத்தில் கூட்டிக் காட்டியிருக்கிறார். இந்தியாவில் 2000-இல் டெல்லியில் தொடங்கியது. பிறகு டெல்லிக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று என்று பிரிந்து, இப்போது மற்ற ஊர்களிலும் நடக்கிறது. கடைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, ஆறு மாசம் கழித்துக் கடையில் தொங்க வேண்டியதற்கு இப்போதே ஆர்டர் கொடுப்பார்களாம்.

அவள் இதைச் சொன்னபோது எனக்குக் கோட்டாறு சவேரியார் திருவிழாதான் ஞாபகம் வந்தது. நவம்பர் 24-இல் கொடியேறி டிசம்பர் 3-இல் முடிகிற பத்து நாள். நாங்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை, ஆனால் சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போகாத வீடு நாகர்கோவிலில் எந்தச் சாதியில், எந்த மதத்தில் இருக்கிறது? கடைசி நாட்களில் தேர் வரும்போது நான் கடைப்படி ஒன்றில் ஏறி நின்றுகொள்வேன். எல்லாரும் தேரைப் பார்ப்பார்கள். நான் கும்பிட்டுவிட்டு, முன்னால் நிற்கிற பெண்களின் முதுகைப் பார்ப்பேன். எந்தக் கழுத்து, எந்தக் கை, பின்னால் கயிறா ஊக்கா, குஞ்சம் வைத்திருக்கிறார்களா இல்லையா. தையில் கல்யாண ஆர்டர் வரும்போது, "சவேரியார் கோயில்ல ஒரு பிள்ளை போட்டிருந்தாளே அக்கா, அந்த மாதிரி கை" என்றுதான் தொடங்குவார்கள். ஒரு வருஷம் புஃப் கை, ஒரு வருஷம் பானைக் கழுத்து. முப்பது வருஷமாக நான் தைப்பதைத் தீர்மானிக்கிற வாரம் அதுதான். அதனால் கொச்சியில் நடப்பது எனக்குப் புரியாத காரியமாக இல்லை. அங்கே பெண்கள் வரிசையாக, விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொருத்தியாக நடந்து வருகிறார்கள். முதுகை நன்றாகப் பார்க்கலாம்.

துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வடசேரியில் நெசவுச்சத்தம் கேட்ட தெருக்களில் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால்தான் ஒரு தறி கேட்கும். எங்களுக்கு நெய்து தருகிற அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயது. பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். விசாரித்துக்கொண்டு ஆள் வந்தால் பேசிப் பேசியே நெய்கிற நேரம் போய்விடும் என்கிறார். ஊடு நூலைக் கொண்டு போகிற நாடாவைக் கையால் எறிந்து நெய்கிற தறி அவருடையது. வலது கை எறியும், இடது கை வாங்கும். மறுபடி இடது எறியும், வலது வாங்கும். அவர் மனைவி, எனக்கு மைனி, பக்கத்தில் நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். நூறாம் நம்பர் நூலில் வெள்ளை, ஓரத்தில் புளியிலைக்கரை. புளியிலைக்கரை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஒரு புளியிலை அகலத்துக்கு மட்டும் நிறம் ஓடும், அவ்வளவுதான். என் பாட்டி காலத்துப் பெண்கள் இடுப்பில் கட்டிய முண்டிலும் தோளில் போட்ட நேரியலிலும் இந்தக் கரை இருந்தது. ஜரிகை இல்லாமலே அழகு. அந்தக் கரை நேராக ஓட வேண்டுமானால் குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு ஊடு இழையும் ஓரத்தில் ஒரே இறுக்கத்தில் திரும்ப வேண்டும். அண்ணாச்சியின் கரையில் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம்.

இந்த வருஷம் ஆவணியிலும் சாரல் நிற்கவில்லை. நெடுக்கே ஓடுகிற பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, நீவி, வெயிலில் காய வைக்க வேண்டும். மேகம் விட்டால்தானே? ஒரு விடியற்காலை மூன்று மணி நேரம் வானம் தெளிந்தது, அதற்குள் முடித்தார்கள். துணியை வாங்கப் போனபோது அண்ணாச்சி, "ஈரம் விடாததுனால கஞ்சி கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கேன் தங்கச்சி. விறைப்பா நிக்கும். பாத்துக்கிடுங்க" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

கொச்சிக்கு நான் போவது பரசுராம் எக்ஸ்பிரஸில். இருட்டோடு நாகர்கோவில் ஜங்ஷனில் ஏறினால் இரணியல், குழித்துறை எல்லாம் தூக்கத்தில் போய்விடும். நெய்யாற்றின்கரை தாண்டும்போது விடியும். அடுத்து பாலராமபுரம். ரயில் அங்கே நிற்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து ஜன்னலோரம் வந்துவிடுவேன். கேரளத்து ஜரிகைக்கரை போட்ட கசவு வேட்டி, கசவுச் சேலை என்றால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் பாலராமபுரம். அந்த ஊரை உண்டாக்கியது திருவிதாங்கூர் மகாராஜா பாலராம வர்மாவின் காலத்தில், 1798-க்கும் 1810-க்கும் இடையில். திவான் உம்மிணித் தம்பி நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெசவு செய்கிற சாலியர் குடும்பங்களைக் கூட்டிப் போய்க் குடிவைத்து, அரண்மனைக்கு நெய்ய வைத்தார். நம் தெருக்களிலிருந்து போன தறிதான் அங்கே இருநூறு வருஷமாக ஓடுகிறது. அங்கும் குழித்தறிதான், கையால் எறிகிற நாடாதான். பங்காளி வீடு மாதிரி.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் நடந்த ஒன்று. மேடைக்கு வெளியே, வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று ஒவ்வொருவர் துணியையும் மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு அட்டை வைப்பார்கள். எங்கள் துணிக்குப் பக்கத்தில் 'கேரளக் கைத்தறி' என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். தங்கை மகள் எழுதிக் கொடுத்ததில் வடசேரி இருந்தது. அச்சாகி வந்தபோது இல்லை. யாரோ, 'இப்படிப் போட்டால் எல்லாருக்கும் புரியும்' என்று மாற்றியிருக்கிறார்கள். கேட்டபோது, "ஒரே மாதிரித்தானே இருக்கு" என்று பதில் வந்தது.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதி நியாயம் அதில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்தானே. என் அம்மா பள்ளியில் மலையாளம் படித்தவள். ஓணத்துக்கு இன்றும் நம் மாவட்டத்தில் லீவு. முண்டும் நேரியலும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். ஆனால் அந்தத் துணியை நெய்தவர் வடசேரியில் ஒரு குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிறார். பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் மாவட்டத்திலும் மட்டிப்பழத்துக்கு உண்டு, ஈத்தாமொழித் தேங்காய்க்கு உண்டு, தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் கிடைத்தது. அதே வடசேரியில் செய்கிற கோயில் நகைக்கு 'நாகர்கோவில் கோயில் நகை' என்று ஊர்ப்பெயரோடு கிடைத்து வருஷங்கள் ஆயிற்று. பரதம் ஆடுகிற பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் அதைத் தேடி வருகிறார்கள். நகைக்கும் பூவுக்கும் பழத்துக்கும் ஊர் இருக்கிறது. துணிக்கு மட்டும் ஊர் இல்லாமல் போகலாமா? ஒரு அட்டையில் நான்கு எழுத்து. அதைக்கூட வாங்கித் தர முடியவில்லையே என்று அண்ணாச்சி முன்னால் போய் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதனால் இந்த வருஷம் நானும் தங்கை மகளும் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசினோம். எதைக் காட்டப் போகிறோம்? அவள் என் பாட்டியின் ஜம்பரைக் கேட்டாள்.

இப்போது பிளவுஸ் என்கிறோம். பாட்டி கடைசி வரை ஜம்பர் என்றுதான் சொன்னாள். அவள் தைத்துப் போட்டதில் ஒன்று என் தகரப் பெட்டியில் இருக்கிறது. வெள்ளை, இடுப்பு வரை, முழங்கை வரை கை. டார்ட் கிடையாது. கை சேரும் இடத்தில், கக்கத்தில், சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்திருப்பாள். கையைத் தூக்கித் தண்ணீர் கோரலாம், விறகு இறக்கலாம், தையல் விடாது. கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு லேஸ், அவளே பின்னியது. இறுக்கமான ஒரு தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவாள். குச்சிகள் தட்டுகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இந்த வேலை நாகர்கோவிலுக்கு வந்தது 1820-களில். லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது; 1855-இல்தான் அதை ஒழித்தார்கள். அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். லேஸ் வைத்த ஒரு கழுத்தைத் தைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

ஜம்பருக்கும் அப்படி ஒரு கதை உண்டு. நம் மாவட்டத்தில் அது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. மேல் உடம்பை மறைக்கத் துணி போட்டதற்காக இங்கே நாடார் பெண்களைச் சந்தையில் அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். 1822-இல் கல்குளம், இரணியல் பக்கம் தொடங்கியது. கிறிஸ்தவரானவர்கள் குப்பாயம், அதாவது தைத்த சட்டை, போட்டுக்கொள்ளலாம் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ முன்பே உத்தரவு போட்டிருந்தார். ஆனால் தோளில் மேல்முண்டு போடக் கூடாது, அது மேல்சாதிக்கு மட்டும். 1829-இல் அரசே அதை உறுதி செய்து அறிக்கை விட்டது. 1858-இல் மறுபடி கலவரம். மதராஸ் கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் மகாராஜா உத்திரம் திருநாள் ஓர் அறிக்கை விட்டார். நாடார் பெண்கள் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் மேலாடை போடலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது. அனுமதி கொடுத்தபோதும், எந்த மாதிரித் துணி, எந்த மாதிரிக் கட்டு என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். என் பாட்டியின் பாட்டி பிறந்தது அந்த வருஷம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

2023 மார்ச் 6-இல் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. ஸ்டாலினும் பினராயி விஜயனும் ஒரே மேடையில் இருந்தார்கள். தங்கை மகளும் நானும் கூட்டத்தில் நின்றோம். வீட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்டாள்: "பெரியம்மா, குப்பாயம் போடலாம், தோள்சீலை போடக் கூடாதுன்னா, ரெண்டையும் சேர்த்துப் போட்டா எப்படி இருக்கும்னு யாராவது டிசைன் பண்ணியிருக்காங்களா?" அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வருஷத்துப் பதினாலு உடுப்பும் வந்தன. ஒவ்வொன்றிலும் பாட்டியின் ஜம்பர் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். கை நீளும், குறையும், கழுத்து மாறும். கடைசி உடுப்பு மட்டும் அப்படியே பாட்டியின் ஜம்பர். அதன்மேல் புளியிலைக்கரை நேரியல், இடது தோளில்.

அந்த ரயில் கொல்லம் தாண்டியதும் பெரிநாடு, அப்புறம் மன்றோத்துருத்து. அதே கர்னல் மன்றோவின் பெயரில் இருக்கிற தீவு. பெரிநாட்டில் 1915-இல் தலித் தலைவர் அய்யன்காளி தலித் பெண்களைக் கல்மாலையைக் கழற்றி எறியச் சொன்னார். அந்தச் சாதிக்கு அடையாளம் என்று கட்டாயமாகப் போட்டிருந்த மாலை. ஒரு பக்கம் போட்டதற்கு அடி, இன்னொரு பக்கம் கழற்றியதற்குக் கலவரம். மடியில் பதினாலு உடுப்புகளையும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளையும் படித்துக்கொண்டு போனேன்.

இனி மேடைக்குப் பின்னால்.

எங்களுக்கு நேரம் சாயங்காலம் ஏழு மணி. காலை பதினொன்றுக்கே வரச் சொல்லிவிட்டார்கள். பெரிய ஹாலைத் திரை போட்டுப் பிரித்து, ஒவ்வொரு டிசைனருக்கும் ஒரு ஸ்டாண்டு. உடுப்பு வரிசைப்படி தொங்கும். ஒவ்வொன்றிலும் நம்பர், போட வேண்டிய பெண்ணின் போட்டோ, செருப்பு, நகை எல்லாம் ஒரு பையில். எங்களுக்கு ஒன்பது பெண்கள்தான். ஐந்து பேர் இரண்டு தடவை வர வேண்டும். உள்ளே வந்து, அவிழ்த்து, அடுத்ததைப் போட்டு, மறுபடி வாசலில் நிற்க மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. உதவிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். ஊக்குப் போடுவது என் வேலை. பேசிக்கொண்டே ஊக்குப் போடத் தெரிந்த கை எல்லாருக்கும் இருக்காது.

கடைசி உடுப்புக்குத் தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு அன்று காலை காய்ச்சல். பதிலுக்கு வந்தவள் திருச்சூர்க்காரி, நல்ல உயரம். தோளும் கையும் அவளைவிடப் பெரிது. ஜம்பரைப் போட்டுப் பார்த்தோம். தோள் எப்படியோ அடங்கிவிட்டது. கை புஜத்தில் இறுக்கிப் பிடித்தது, ஒன்றரை இஞ்ச் வேண்டும். மணி இரண்டு. தங்கை மகளின் முகம் வெளுத்துவிட்டது. கையை வெட்டிவிடலாமா, கை இல்லாமல் போகட்டுமா என்றாள்.

"பாட்டி ஜம்பருக்குக் கை இல்லாம விடுவியா மக்ளே? கொண்டா இங்க" என்றேன்.

பாட்டி எனக்கு மெஷின் கற்றுக்கொடுத்தபோது ஒன்றை விடாமல் சொல்வாள்: உள்ளே ஒரு விரக்கடை விட்டுத் தை, ஆள் தடிக்கும், மெலியும், புதுத்துணி வாங்க எப்பவும் காசு இருக்காது. அந்தப் பழக்கத்தில் நான் கைத்தையலில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் உள்ளே விட்டிருந்தேன். ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். பிளேடால் கை விளிம்பிலிருந்து கக்கத்துப் பட்டை வரையும், பட்டையின் இரண்டு ஓரமும், அதிலிருந்து இடுப்பு வரையும் தையலைப் பிரித்தேன். நூறாம் நம்பர் நூல் துணி. பிளேடு ஒரு நூல் தப்பினாலும் துணியில் இறங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். பிரித்ததும் பழைய தையல் இருந்த இடத்தில் வரிசையாக ஊசித்துளை. பாலியஸ்டராக இருந்தால் அந்தத் துளை அப்படியே நிற்கும், வெளிச்சத்தில் பல்வரிசை மாதிரித் தெரியும். கைத்தறிப் பருத்தி அப்படி இல்லை. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து துளையின்மேல் ஒற்றினேன். பாவு வாக்கில் ஒரு தடவை, ஊடு வாக்கில் ஒரு தடவை கட்டைவிரல் நகத்தால் மெல்ல நீவினேன். ஈரத்தில் நூல் உப்பிக்கொண்டு துளையை மூடியது. பிறகு ஸ்டீம் அயர்ன். பக்கத்து ஸ்டாண்டிலிருந்து எட்டிப் பார்த்த பையன் ஒருவன் துணியை வெளிச்சத்தில் பிடித்துத் துளையைத் தேடினான். ஒன்றும் தெரியவில்லை.

கக்கத்துப் பட்டையை மட்டும் புதிதாக வெட்டினேன். அளவு பெரிதாக வேண்டும். மிச்சத்துணி கைப்பையில் இருந்தது. மெஷின் அங்கே ஒன்றுதான், அதற்கும் வரிசை. கையாலேயே பின்தையல் போட்டேன். நாலரைக்கு முடிந்தது. திருச்சூர்க்காரி போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தாள். ஜம்பர் இடுப்பைவிட்டு மேலே ஏறவில்லை. "சேச்சி, இது நல்லா இருக்கே, மூச்சு விட முடியுதே" என்று பாதித் தமிழில் சொன்னாள். அன்று அதற்கு முன்னால் அவள் போட்டிருந்தது உள்ளே கம்பி வைத்துத் தைத்த ஒன்று.

ஏழு மணிக்கு விளக்கு அணைந்தது. பாட்டுக்குப் பதிலாகத் தறிச்சத்தத்தில் தொடங்க வேண்டும் என்று தங்கை மகள் முடிவு செய்திருந்தாள். அண்ணாச்சி நெய்யும்போது போனில் பதிவு செய்தது. சத்தம் பார்ப்பவர் வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டார். வேண்டாம், அண்ணாச்சி நெய்யும் வேகத்திலேயே நடக்கட்டும் என்றாள். அதனால் எங்கள் பெண்கள் மற்றவர்களைவிட மெதுவாக நடந்தார்கள். நான் பார்த்தது கொஞ்சம்தான். ஐந்து பேருக்கு ஊக்கு மாற்றவே பத்து நிமிஷமும் போனது. கடைசிப் பெண்ணை வாசலுக்கு அனுப்பிய பிறகுதான் திரையை விலக்கிப் பார்த்தேன்.

வெள்ளை முண்டு, வெள்ளை ஜம்பர், கழுத்தில் பாட்டி பின்னியதைப் பார்த்து நெய்யூர்ப் பக்கத்து அக்கா ஒருத்தர் பின்னித் தந்த லேஸ். இடது தோளில் நேரியல். உடம்பில் வேறு நகை இல்லை. கொண்டையில் மட்டும் வடசேரி ராக்கொடி ஒன்று, வெள்ளியில் தங்கத்தகடு போர்த்திச் சிவப்புக்கல் பதித்தது. முன்னால் நடந்து போகும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. முனையில் போய்த் திரும்பினாள். ராக்கொடி மின்னியது. நேரியலின் முந்தி அரைவட்டமாகச் சுழன்று, ஒரு நொடி அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைக்கு ஏன் என்று தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அட்டையை முன்கூட்டியே நாங்களே அச்சடித்துக் கொண்டு போயிருந்தோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும். 'துணி: வடசேரி, நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.' அதன் கீழே நெய்தவர் பெயர், தார் சுற்றியவர் பெயர், லேஸ் பின்னியவர் பெயர், தைத்தவர்கள் பெயர். யாரும் மறுக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த கடைக்காரப் பெண்மணி ஒருத்தர் அட்டையைப் போட்டோ எடுத்துவிட்டு, வடசேரி எங்கே இருக்கிறது, ரயில் போகுமா என்று கேட்டார். நேரியல் இருபத்தைந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார். ஒரு தறிக்கு அது பெரிய ஆர்டர்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக வடசேரி போனேன். அட்டையைக் கொடுத்தேன். அண்ணாச்சி கண்ணாடி போட்டு மூன்று வரி படித்தார். "இவ பேரும் போட்டிருக்கியளா" என்று மைனியைக் கூப்பிட்டுக் காட்டினார். மைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி போடப் போனார்.

போனில் வீடியோவைக் காட்டினேன். அண்ணாச்சி பெண்களைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தைத்தான் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில், "இங்க இழை அறுந்துட்டு, கேட்டியளா, நிறுத்திட்டு முடிபோட்டேன்" என்றார். கடைசிப் பெண் வந்தபோது போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அவள் திரும்புகிற இடத்தை மூன்று தடவை பார்த்தார்.

"முந்தி சட்டுனு விழல்லியே."

"அது அழகா இருந்துச்சே அண்ணாச்சி, எல்லாரும் கைதட்டுனாவ."

"இல்ல தங்கச்சி. கஞ்சி கூடிப் போச்சு. திரும்பின உடனே தோள்ல வந்து படியணும்." போனைத் திருப்பித் தந்தார். "அந்த இருபத்தஞ்சுக்கும் கஞ்சியைக் குறைச்சிடுகேன். ஆனா வெயில் வேணும்" என்று சொல்லி, எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்.